டவர் கண்முன்னே நிற்கிறது, நெட் ஓடவில்லை: மலையகத்து வீட்டில் 4ஜி ரவுட்டர் வைப்பதும் வேகம் அளப்பதும்

ஸ்பீட் டெஸ்ட் செயலியைத் திறந்து பட்டனை அழுத்தினால் ஓர் எண் வரும். 6 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 6 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவதே 6 தானா? அல்லது ரவுட்டர் வரை 45 வந்து, நடுச்சுவரைத் தாண்டிக் கையிலுள்ள போனுக்கு வருவதற்குள் 6 ஆகிவிட்டதா? அந்த எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. முதலாவது என்றால் ரவுட்டரை நகர்த்த வேண்டும். இரண்டாவது என்றால் வைஃபையைத் திருத்த வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பேக்கேஜை மாற்றி, சிம்மை மாற்றி, கடைசியில் ரவுட்டரையே மாற்றுகிற வீடுகள் இலங்கை மலையகத்தில் ஏராளம். அந்தக் காசு பெரும்பாலும் வீண்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற டவுன்களில் ஃபைபர் கிடைக்கும் வீதிகள் உண்டு. தோட்டங்களுக்குள் போனால் பெரும்பாலும் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் வழி. ஆகவே இங்கே சொல்வது அதைப் பற்றி. ஃபைபர் உள்ளவர்கள் டவர் பற்றிய பகுதியை விட்டுவிட்டு வைஃபையிலிருந்து வாசிக்கலாம்.

டவருக்குக் கீழேயே இருந்தும் சிக்னல் இல்லை

"டவர் வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியுதே, ஏன் ஒரு கோடு மட்டும் காட்டுது?" மலையகத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இது. டவர்கள் வழக்கமாக முகட்டில் நிற்கும். அவற்றின் அன்டெனாக்கள் அலையைத் தூரத்துக்கு அனுப்பும்படி, கிடையிலிருந்து சில பாகை மட்டும் கீழே சாய்த்துப் பூட்டப்பட்டவை. முகட்டை ஒட்டிக் கீழே, செங்குத்துச் சரிவில் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) அந்த அலை தலைக்கு மேலால் போய்விடும். அதே லயத்துக்கு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் நாலு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் டவர் நேராக முகம் பார்க்கும். கிட்ட நிற்கும் டவரை மறந்துவிட்டு எதிர்மலைப் பக்கத்து ஜன்னலில் ரவுட்டரை வைத்தால் வேகம் கூடுகிற வீடுகள் உண்டு.

டிவி அன்டெனாவைப் பீதுறுதாலகாலைப் பக்கம் திருப்பிப் பழகியவர்களுக்கு, உயர ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. டிவிக்கு அது சரி. 2524 மீற்றர் உச்சியில் இருக்கும் ஒளிபரப்பி எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் ஒரே கம்பனியின் எல்லா டவர்களும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. முகட்டின் மேல் இருக்கும் வீட்டிலிருந்து ஆறேழு டவர்கள் ஒரே நேரத்தில் தெரியும், ஆறேழும் ஒன்றின் மேல் ஒன்று சத்தம் போடும். அதனால் தோட்டத்தின் மேல் டிவிசனில் கோடு முழுதாகக் காட்டும், வேகம் வராது. கீழ் டிவிசனில் கோடு பாதிதான், ஆனால் மலையே மற்ற டவர்களை மறைத்துவிடுவதால் நெட் சீராக ஓடும்.

இதனால்தான் கோடுகளை நம்பக்கூடாது என்கிறேன். பார்க்க வேண்டியவை ரவுட்டருக்குள் இருக்கும் இரண்டு எண்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். ஹுவாவேயில் பெரும்பாலும் 192.168.8.1, மற்றவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் இணைந்து பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போனால், டிவைஸ் இன்ஃபர்மேஷன் அல்லது நெட்வேர்க் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு வரிகள் தெரியும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. அது கழித்தல் எண்ணாக இருக்கும். −80 மிக நல்லது, −95 பரவாயில்லை, −105 பலவீனம், −115ஐத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறும். பத்து எண் இறங்குவது என்றால் பலம் பத்தில் ஒன்றாகிறது என்று கணக்கு. −95க்கும் −105க்கும் உள்ள தூரம் சின்னதில்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது நமக்கு வேண்டிய அலை, மற்ற டவர்களின் சத்தத்தையும் இரைச்சலையும் விட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. 20க்கு மேல் என்றால் அருமை. 13 முதல் 20 வரை நன்று. 5க்குக் கீழே போனால் வீடியோ திணறும், பூச்சியத்துக்குக் கீழே போனால் வாட்ஸ்அப் அழைப்பே சந்தேகம்.

இரண்டில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் தயங்காமல் எஸ்ஐஎன்ஆர் என்பேன். −100 ஆர்எஸ்ஆர்பியும் 16 எஸ்ஐஎன்ஆரும் உள்ள மூலை, −82ம் 3ம் உள்ள மூலையை விட நன்றாக ஓடும்.

அதே பக்கத்தில் பேண்ட் எண்ணும் (எந்த அலைவரிசை என்பது) செல் ஐடியும் (எந்த டவர் என்பது) இருக்கும். பேண்ட் 8 என்றால் 900 மெகாஹேர்ட்ஸ், பேண்ட் 3 என்றால் 1800, பேண்ட் 1 என்றால் 2100, பேண்ட் 40 என்றால் 2300. மெகாஹேர்ட்ஸ் குறைந்த அலைவரிசை முகட்டை வளைந்து கடந்தும் சுவரைத் துளைத்தும் வரும். 2300 அலை மறைவைத் தாங்காது, ஆனால் நேர்ப்பார்வை கிடைத்தால் வேகம் தரும். செல் ஐடியை 256ஆல் வகுத்தால் வரும் முழு எண் டவரையும், மீதி அந்த டவரில் எந்தப் பக்கத்து அன்டெனா என்பதையும் குறிக்கும். 25602571 என்று காட்டினால் டவர் 100010, மீதி 11. இது ஏன் வேண்டும் என்றால், மழை பெய்த மறுநாள் வேகம் விழுந்தால் ரவுட்டர் வேறு டவருக்குத் தாவிவிட்டதா என்று இந்த எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பலர் மழையையும் பனிமூட்டத்தையும் பழி சொல்வார்கள். இந்த அலைவரிசைகளில் மழைத்துளியும் மூடுபனியும் தின்பது மிகக் குறைவு. நனைந்து தொங்கும் யூக்கலிப்டஸ் இலைகள் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே இருந்தால் அவைதான் தின்னும்.

ரவுட்டரோடு நடப்பது

எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் ஒரு கடதாசியும் போதும். ஜன்னல்கள், இஸ்தோப்பு, பெரிய காம்பரா, அடுப்பங்கரையின் பின்கதவு என்று ஒவ்வோர் இடத்திலும் ரவுட்டரை வைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பேண்ட், செல் ஐடி நான்கையும் எழுத வேண்டும். எண்கள் ஓரிடத்தில் நிற்காமல் மூன்று நாலு புள்ளி ஆடும். நடுவில் நிற்பதை எடுத்தால் சரி. இடம் மாற்றும்போது செல் ஐடி மாறாவிட்டால் அதே டவரைத்தான் ஒப்பிடுகிறீர்கள். மாறினால் வேறு டவர், அதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

நல்ல ஜன்னல் ஒன்று அகப்பட்டதும் அங்கேயே நிறுத்திவிடாமல் ரவுட்டரை ஒரு சாண் இடமாக, ஒரு சாண் வலமாக, ஒரு சாண் உயரமாக நகர்த்திப் பார்ப்பது அவசியம். 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்றிமீற்றர். எதிர்மலையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று ஓரிடத்தில் கூட்டும், பக்கத்திலேயே கழிக்கும். ஜன்னல் பலகையின் இடது மூலையில் 9 காட்டிய எஸ்ஐஎன்ஆர் வலது மூலையில் 14 காட்டுவது இதனால்தான். நல்ல இடம் கிடைத்ததும் பென்சிலால் ரவுட்டரின் அடியைச் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள். தூசு துடைக்கத் தூக்கியவர் திரும்ப அதே இடத்தில் வைக்க அந்தக் கோடு உதவும்.

தகரம் அலையைத் திருப்பிவிடும். தகரக் கூரை, தகரம் அடித்த பக்கச்சுவர், இரும்பு அலுமாரி, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு எல்லாமே தடைதான். பழைய லயங்களின் கருங்கற்சுவரும் லேசுப்பட்டதில்லை. ஆகவே டவர் பக்கத்து ஜன்னல் என்பது மலையகத்து வீட்டில் வெறும் ஆலோசனை இல்லை, பல வீடுகளில் அது ஒன்றுதான் அலை உள்ளே வரும் வழி.

வெளியே அன்டெனா போடுவது

ஜன்னலிலும் எஸ்ஐஎன்ஆர் 5க்கு மேல் ஏறவில்லையா? வெளி அன்டெனாவை யோசிக்கலாம். இங்கேதான் காசு அதிகம் கரைகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

4ஜி ரவுட்டருக்கு இரண்டு அன்டெனா வேண்டும். அது இரண்டு ஓடையில் ஒரே நேரத்தில் டேட்டா வாங்குகிறது. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைவரிசையில் கிடைக்கும் 150 எம்பிபிஎஸ் என்ற உச்சக் கணக்கு அந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு யாகி அன்டெனாவை (டிவி அன்டெனாபோல் கம்பிகள் வரிசையாக உள்ளது) வாங்கி ஒரு துளையில் மட்டும் பூட்டினால் கோடு கூடும், வேகம் பாதியாகவும் ஆகலாம். இரண்டு யாகிகளைப் போட்டால் ஒன்றை 45 பாகை இடமாகவும் மற்றதை 45 பாகை வலமாகவும் சாய்த்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்க வேண்டும். இரட்டை முனை கொண்ட, தட்டையான பெனல் அன்டெனா என்றால் அந்தச் சாய்வு உள்ளேயே இருக்கும்.

அடுத்தது வயர். பெட்டியோடு வரும் மெல்லிய ஆர்ஜி58 ரக வயர், இந்த அலைவரிசைகளில் மீற்றருக்குச் சுமார் 0.8 டிபி (டெசிபெல், ஆர்எஸ்ஆர்பியைப் போலவே பத்து இறங்கினால் பலம் பத்தில் ஒன்று) தின்னும். கூரையிலிருந்து ரவுட்டர் வரை 10 மீற்றர் என்றால் 8 டிபி போய்விட்டது. அலையை 9 டிபி கூட்டும் அன்டெனா வாங்கி 8 டிபியை வயருக்குக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது 1. எல்எம்ஆர்400 ரகத் தடித்த வயர் மீற்றருக்கு 0.2 அளவில்தான் இழக்கும், ஆனால் விலையும் தடிப்பும் அதிகம், ஜன்னல் இடுக்கில் வளையாது. மெல்லிய வயர்தான் இருக்கிறது என்றால் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

இதற்கு நல்ல மாற்று, ரவுட்டரையே வெளியே கொண்டுபோவது. வெளியில் பூட்டுவதற்கென்றே வரும் 4ஜி ரவுட்டர்களில் அன்டெனா பெட்டிக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து வீட்டுக்குள் வருவது ஈதர்நெட் வயர். டேட்டாவும் கரண்டும் அந்த ஒரே வயரில் போகும், 100 மீற்றர் வரை வேகம் குறையாது. முகட்டில் கோழிக்கூட்டுப் பக்கம் சிக்னல் இருக்கிறது, வீட்டில் இல்லை என்ற நிலைமைக்கு இதுதான் சரியான வழி. வயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் 30, 40 மீற்றரில் வோல்ட் இறங்கி ரவுட்டர் இடைக்கிடை அணைந்து எரியும். உறை கறுப்பாக, வெளிப்பாவனைக்கு உரியதாக இருக்க வேண்டும். வெள்ளை உறை வெயிலில் வெடித்துவிடும். உடன் வந்த பிஓஇ அடாப்டரையே (ஈதர்நெட் வயரில் கரண்ட் அனுப்புவது) பாவியுங்கள். ஒன்று 24 வோல்ட், மற்றது 48 வோல்ட் என்று இருக்கும், மாற்றிப் போட்டால் போர்ட் எரியும்.

நுவரெலியா, கந்தப்பளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் இரவுக் குளிரும் காலைப் பனியும் வயர் பூட்டும் இடங்களுக்குள் தண்ணீரை ஒடுங்கவைக்கும். வயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு முழம் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பூட்டின் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப். சாதாரண டேப் மட்டும் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

வைஃபை: அடுத்த காம்பராவுக்குப் போகும் வழி

நல்ல சிக்னல் ஒரு ஜன்னலில், ஆட்கள் இருப்பது வேறு காம்பராவில். இந்தச் சிக்கலுக்காக ரவுட்டரை நடுவீட்டுக்கு இழுப்பதுதான் வழக்கமான தவறு. ரவுட்டர் சிக்னல் உள்ள இடத்திலேயே இருக்கட்டும். நெட்டை வயரில் ஆட்களிடம் கொண்டுபோவோம்.

அலுமாரிக்குள் கிடக்கும் பழைய ரவுட்டர் இதற்குப் போதும். அதன் அமைப்புக்குள் போய் முதலில் அதன் முகவரியை 192.168.8.2 என்று மாற்றுங்கள் (பிரதான ரவுட்டர் 192.168.8.1 என்றால்). பிறகு டிஎச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். இதை அணைக்காவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது, ஏனென்றே பிடிபடாது. வயரைப் பழைய ரவுட்டரின் லேன் (LAN) துளை ஒன்றில் செருக வேண்டும். தனி நிறத்தில் இருக்கும் வெளித்துளையில் (WAN) செருகக்கூடாது. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பிரதான ரவுட்டரில் உள்ளபடியே வைத்து, சேனலை மட்டும் வேறாக வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். பிளக்கில் செருகும் ரிப்பீட்டர்கள் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் பல ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுப்பதால் வேகம் பாதியாகும்.

லயத்தில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீட்டார் 6இல் இருந்தால் நீங்கள் 1 அல்லது 11. 3, 4, 8 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்தோடும் மோதல். அகலத்தை 40இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். எண்ணளவில் குறைவுபோல் தெரிந்தாலும் நெருக்கமான இடத்தில் அதுதான் சீராக ஓடும். ரவுட்டர் இருக்கும் காம்பராவுக்குள் 5 கிகாஹேர்ட்ஸைப் பாவிக்கலாம், கற்சுவருக்கு அப்பால் அது எட்டாது. பாதுகாப்பைப் பற்றி இரண்டே சொல்: வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 3, டபிள்யூபிஎஸ் (பட்டனை அழுத்தி பாஸ்வேர்ட் அடிக்காமல் இணையும் வசதி) அணைப்பு. ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அளப்பது

முதல் அளவு நெட்டே வேண்டாத அளவு. லெப்டொப்பில் கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (போய்வர எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று காட்டும் கட்டளை) அனுப்புங்கள். வைஃபையில் 2 முதல் 10 மில்லிசெக்கன் என்று சீராக வந்தால் வைஃபை நலம். 3, 4, 180, 6, 240 என்று துள்ளினால் குறை வீட்டுக்குள்தான். அந்த நிலையில் ஸ்பீட் டெஸ்ட் செய்து எந்தப் பயனும் இல்லை.

அடுத்து வயரில் அளவு. லெப்டொப்பை ரவுட்டரோடு ஈதர்நெட் வயரால் இணைத்து, மற்றப் போன்களின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட். இது டவர் தருவது. உடனே வயரைக் கழற்றிப் பக்கத்தில் வைஃபையில் ஒன்று, தூரக் காம்பராவில் ஒன்று. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் குறை எங்கே என்பது கண்ணுக்குத் தெரியும். வயரில் எப்போதும் 94, 95இல் முட்டி நின்றால் அது டவரின் எல்லை இல்லை. ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் ரகம், அல்லது வயருக்குள் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது.

ஸ்பீட் டெஸ்டில் சேர்வரையும் பாருங்கள். தானாகத் தெரிவது பெரும்பாலும் கொழும்பு. ஆனால் நாம் பார்ப்பது, படிப்பது, பேசுவது எல்லாம் கொழும்பில் இல்லை. ஒரு தடவை சிங்கப்பூர் சேர்வரையும் தேர்ந்தெடுத்து அளப்பது நல்லது. ஏறக்குறைய 2700 கிலோமீற்றர் தூரம், கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 27 மில்லிசெக்கன் ஆகும், ஆகவே பிங் அவ்வளவாவது கூடத்தான் செய்யும். அது இயற்கை. வேகம் கொழும்பில் 40, சிங்கப்பூரில் 5 என்று வந்தால் குறை உங்கள் வீட்டிலும் இல்லை, டவரிலும் இல்லை.

எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்பு இறங்கும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு செக்கனுக்கு 5 மெகாபைட் இறங்கினால் ஏமாற்றம் எதுவும் இல்லை. டேட்டாச் செலவையும் நினைவில் வையுங்கள். 40 எம்பிபிஎஸில் பத்து செக்கன் சோதனை 50 மெகாபைட் தின்னும், ஏற்றும் சோதனையோடு 60ஐத் தாண்டும். பதினாறு தடவை அளந்தால் ஒரு ஜிபி. அளவுள்ள பேக்கேஜில் மாதக் கடைசியில் வேகம் படுத்துவிட்டால் முதலில் மீதி டேட்டாவைப் பாருங்கள், பிறகு சிக்னலைப் பாருங்கள்.

காலை 6 மணிக்கு ஒன்று, பிற்பகலில் ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. டவரின் கொள்ளளவை அந்தப் பக்கத்து எல்லா வீடுகளும் பங்கு போடுகின்றன. காலையில் 42, இரவில் 4, எஸ்ஐஎன்ஆர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் டவர் நிரம்பியிருக்கிறது. அன்டெனா வாங்கி இதைத் திருத்த முடியாது. ரவுட்டர் இடம் கொடுத்தால் அதை ஒரு பேண்டில் மட்டும் நிற்கும்படி பூட்டி வேறு அலைவரிசைக்கோ, அன்டெனாவைத் திருப்பி வேறு டவருக்கோ போகலாம். இல்லையென்றால் வேறு கம்பனி சிம்.

ஓன்லைன் வகுப்பு ஓடும் வீட்டில் இன்னோர் அளவு கட்டாயம். ஒரு பக்கம் பெரிய கோப்பொன்றை இறக்கிக்கொண்டே மறுபக்கம் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். சும்மா இருக்கும்போது 40 மில்லிசெக்கன், இறக்கும்போது 700 என்று ஏறினால், அண்ணன் வீடியோ பார்க்கும்போது தங்கச்சியின் வகுப்பு ஏன் உறைகிறது என்பதற்குப் பதில் அதுதான். வகுப்புக்கு வேண்டியது இரண்டு மூன்று எம்பிபிஎஸ். அது இருக்கிறது, ஆனால் மற்ற டேட்டாவின் பின்னால் வரிசையில் நிற்காமல் போக வழிதான் இல்லை. ரவுட்டரில் கியூஓஎஸ் (வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் மொத்த வேகத்தை, இரவில் அளந்த குறைந்த அளவின் 80, 85 வீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். உச்ச வேகம் கொஞ்சம் போகும், பிங் இறங்கும். ஏற்றும் வேகத்துக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும், பலர் அதை விட்டுவிடுவார்கள்.

கரண்டும் இடியும்

மின்கம்பி வரிசையின் கடைசி வீடுகளில் மாலையில் வோல்ட் இறங்கும். மலிவான அடாப்டர் அப்போது 12 வோல்டைப் பிடித்து வைக்காது. ரவுட்டர் அணைந்து எரியும், பழி சிக்னலுக்குப் போகும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இதற்கும் கரண்ட் வெட்டுக்கும் சேர்த்து உதவும். பெட்டியில் 8800 எம்ஏஎச் என்று இருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 32 வாட்மணி சொச்சம். மாற்றும்போது இழப்பது போக 26 என்று வையுங்கள். 8 வாட் ரவுட்டர் மூன்று மணித்தியாலம் ஓடும். அடாப்டரில் எழுதியிருக்கும் அம்பியரை யூபிஎஸ் தரக்கூடியதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். நீண்ட வெட்டில் டவரின் பட்டரியும் தீரும், அப்போது யூபிஎஸ் இருந்தும் நெட் இருக்காது.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள், வெளி அன்டெனா வயரையும் ஈதர்நெட் வயரையும் சேர்த்துத்தான். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடவே வேண்டாம். வெளியே இரும்புக் குழாயில் பூட்டியிருந்தால் அந்தக் குழாய்க்கு எர்த் வேண்டும், அதை மின்வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை என்றால் கம்பனிக்கு அழைக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். திகதி, நேரம், செல் ஐடி, பேண்ட், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், வயரில் அளந்த வேகம் ஆகியவற்றைக் காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று மூன்று நாளுக்கு எழுதிக் கொடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதே லயத்தில் அதே செல் ஐடியில் இருக்கும் நாலைந்து வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இதே விபரங்களோடு முறைப்பாடு பதிந்தால், பிழை வீட்டு ரவுட்டரில் இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.